நான்கு மில்லிமீட்டர்

பெல்ஃபாஸ்டில் எனக்கு ஜூலைதான் அறுவடை.
அணிவகுப்புக்கு மறுநாள் காலை
தொலைபேசி ஓயாது.
சுவருக்கு இந்தப் பக்கம் மூன்று ஜன்னல்,
அந்தப் பக்கம் ஐந்து.
போன வருஷம் தலைகீழ்.
கண்ணாடி ஒன்றுதான், நான்கு மில்லிமீட்டர் கனம்,
விலையும் ஒன்றுதான்.
சொன்னால் இரண்டு பக்கமும் நம்புவதில்லை.

ஆல்டர் தெருவில் டிம்ப்னா.
ஜன்னலடியில் மாதா சொரூபம், மூக்கு உடைந்தது.
கல் படவில்லை.
தூசி தட்டும்போது அவள் முழங்கைதான் பட்டது.
என்னிடம் மட்டும் சொன்னாள்.
தெருவில் வேறு கதை ஓடுகிறது;
அவள் அதைத் திருத்தவில்லை.

குவாரி சந்தில் ஐவி மெக்கல்லம்.
தேநீர் கொடுத்தாள், பெயர் கேட்டாள்.
ஹ்யூ, என்றேன்.
இரு பக்கமும் வைக்கிற பெயர்.
எப்படி எழுதுவது, என்றாள்.
அந்த முதல் எழுத்தை
மூச்சோடு சொன்னால் ஒரு கோயில்,
மூச்சில்லாமல் சொன்னால் இன்னொரு கோயில்.
காதைத் தீட்டிக் காத்திருந்தாள்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டு
பென்சிலால் மரச்சட்டத்தில் எழுதிக் காட்டினேன்.
சிரித்துவிட்டாள்.

பிறகு சொன்னாள்:
அந்தப் பக்கத்துச் செம்பட்டை முடிப் பையன்,
கண்ணில் சில்லு பட்டதே, அவனுக்காக
தினமும் முழந்தாளிடுகிறேன்.
பிறகு சொன்னாள்:
என் வீட்டை அவர்களுக்கு விற்பதற்கு
நெருப்பு வைத்துவிடுவேன்.
இரண்டும் ஒரே வாய்.
நடுவில் தேநீர்கூட ஆறவில்லை.

பையன்மேல் எறிந்தவனைத் தெரியும்.
ஞானஸ்நானத்துக்குப் பிறகு
கோயில் வாசல் மிதிக்காதவன்.
கடவுளா, அது அம்மா சமாச்சாரம், என்பான்,
ஆனால் அவன்கள் அந்த ஜாதி, என்பான்.
அதனால் கடவுளைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து
இறக்கிவிடப் பார்த்தேன்.
முடியவில்லை.
ஒருமுறை படுக்கையறைத் தரையில் கிடந்த கல்லில்
ஒரு தாள் சுற்றியிருந்தது.
தாளில் ஒரு வசனம், அழகான கையெழுத்தில்,
அதிகாரமும் எண்ணும் போட்டு.
வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன்.
ஒரு பிழைகூட இல்லை.

என் மைத்துனன் எதையும் நம்பாதவன்.
வேதங்களை எல்லாம் கொளுத்தினால்
ஊர் உருப்படும் என்று
கிறிஸ்துமஸ் விருந்தில் மேசையைத் தட்டினான்.
கும்பிடுகிறவன் எல்லாம் மந்தை, என்றான்.
கழுத்து நரம்பு புடைத்திருந்தது.
அந்த நரம்பு எனக்குப் பழக்கம்.
உடைந்த சட்டத்துக்கு வெளியே
ஜூலைதோறும் பார்க்கிறேன்.
வான்கோழியை நீட்டி வாயை அடைத்தேன்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள்.
கல்லடிக்குத்தான் என்னிடம் விலைப்பட்டியல் இருக்கிறது.

பதினாலு வயதில் நானும் எறிந்திருக்கிறேன்.
எந்தச் சுவருக்கு மேல் என்று கேட்காதீர்கள்.
கல் வெயிலில் கிடந்து சூடாக இருந்தது,
உள்ளங்கைக்குச் சரியான அளவு.
அன்று காலை பூசையோ ஆராதனையோ,
நன்றாகத்தான் பாடினேன்.
எறிந்த நொடியில் அந்தப் பாட்டு நினைவிலில்லை,
யார்மேல் கோபம் என்பதும் இல்லை.
பக்கத்தில் நின்றவர்கள்
பார்க்கிறார்கள் என்பது மட்டும் இருந்தது.
சத்தம் வந்தது.
பிறகு உள்ளே யாரோ
அழாமல், வெறும் குரலில்,
ஏய், என்றார்கள்.
இன்றும் கணக்குப் போடும்போது
யாராவது ஒருவர் பில்லில்
ஒரு ஜன்னலைக் கழித்துவிடுகிறேன்.
கூட்டல் தெரியாதவன் என்று பெயர்.

செப்டம்பரில் டிம்ப்னா கூப்பிட்டாள்.
சொரூபத்துக்கு எந்தப் பசை நல்லது?
சொன்னேன்.
ஒட்டிவிட்டால் தெருவில் கேட்பார்களே, என்றாள்.
அப்புறம் இருவரும் பேசவில்லை.
அவள் பக்கம் கெட்டில் கொதிப்பது கேட்டது.
இருபத்து நாலு மணி நேரம் காய வேண்டும், என்றேன்,
அதுவரை அசைக்காதே.